பீலா ஹவுஸ் முன்ஷி

மும்பையின் சயன் பகுதியில் வளர்ந்த எனக்கு ரொம்ப காலம் 'பீலா ஹவுஸ்' என்றால் மஞ்சள் வீடுதான். இந்தியில் பீலா என்றால் மஞ்சள். கிராண்ட் ரோடு பக்கம் மஞ்சள் பூசிய பழைய மாளிகை ஏதோ இருக்கும், அந்தப் பெயரைத்தான் பஸ் கண்டக்டர் கூவுகிறார் என்று நினைத்திருந்தேன். கல்லூரி நாட்களில் ஒரு மதியம் அங்கே இறங்கித் தேடியும் பார்த்தேன். மஞ்சள் வீடு கிடைக்கவில்லை. ஆல்ஃபிரட், குல்ஷன், ராயல், நிஷாத் என்று அடுத்தடுத்துப் பழைய டாக்கீஸ்கள். எல்லாவற்றிலும் எப்போதோ வந்த படங்கள். 'பிளே ஹவுஸ்' என்ற இங்கிலீஷ் பெயர்தான் மக்கள் வாயில் தேய்ந்து பீலா ஹவுஸ் ஆனது என்று பிறகுதான் தெரிந்தது. நாடகக் கொட்டகைகள் நின்ற இடம் அது.

அந்த வட்டாரத்துக்கு எழுத்து வேலை தேடி வந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆகா ஹஷ்ர் காஷ்மீரி. உருது நாடக மேடையின் பெரிய பெயர். 'இந்திய ஷேக்ஸ்பியர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். பேசும்படம் வந்தபோது அவருக்கு 50 தாண்டியிருந்தது. நான்கே ஆண்டுகள் படங்களுக்கு எழுதிவிட்டு 1935இல் இறந்துபோனார். மேடையிலிருந்து சினிமாவுக்குத் தாவினார் என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் 'தாவினார்' எனக்கு உறுத்துகிறது. அவர் எங்கும் தாவவில்லை. கம்பெனியில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஸ்டூடியோவில் போட்டார்கள், அவ்வளவுதான். அந்த நாற்காலி நம்மிடமும் உண்டு. தமிழ்ப் பட டைட்டிலில் கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பிரித்துப் போடுகிறார்களே, அங்கேதான் கிடக்கிறது.

முதலில் கிராண்ட் ரோடு. 1846இல் அங்கே ஒரு நாடகக் கொட்டகை திறந்தார்கள். நிலம் கொடுத்தவர் ஜகன்னாத் சங்கர்சேட். 1853இல் பார்ஸி சமூகத்தவரின் பார்ஸி நாடக மண்டலி அங்கே ருஸ்தம், சோராப் என்ற பாரசீகக் காவியக் கதையைப் போட்டது. கல்லூரி மாணவர்களும் வக்கீல்களும் ஆசைக்கு நடித்த அந்த மேடை, இருபது ஆண்டுக்குள் நல்ல லாபம் வரும் வியாபாரமாகிவிட்டது. குஜராத்தியில் தொடங்கியவர்கள், எல்லா ஊர்க்காரனும் டிக்கெட் வாங்க வேண்டும் என்பதற்காக உருதுக்கும் இந்துஸ்தானிக்கும் மாறினார்கள். ரயில் போகிற இடமெல்லாம் கம்பெனிகளும் போயின. சென்னைக்கு வந்தன, கப்பலேறி ரங்கூனுக்கும் போயின. நம் ஊர் மேடையில் வரைந்த திரைச்சீலைகள் சுருண்டு ஏறி இறங்கியதும், ஆர்மோனியம் முன்னால் வந்து உட்கார்ந்ததும், 'பார்ஸி மெட்டு' என்று தனியாக ஒரு மெட்டு வகை கிளம்பியதும் இந்தப் பயணங்களால்தான். ஆகவே பீலா ஹவுஸ் தமிழ் நாடகத்துக்கும் ஒருவகையில் மாமன் வீடு.

ஹஷ்ரின் இயற்பெயர் ஆகா முகம்மது ஷா. பிறந்தது 1879இல், பனாரஸில். காஷ்மீரிலிருந்து வந்து சால்வை வியாபாரம் செய்த குடும்பம். பையன் மார்க்கக் கல்வி படித்துப் பெரியவனாக வேண்டும் என்று வீட்டில் நினைக்க, ஊருக்கு வந்த நாடகக் கம்பெனி அவனைக் கெடுத்தது. கம்பெனி போட்ட நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக நானே எழுதுவேன் என்று உட்கார்ந்து எழுதியதுதான் 1897இல் வந்த முதல் நாடகம். அடுத்து வீட்டை விட்டு பம்பாய்க்கு ரயில். வைத்துக்கொண்ட புனைபெயரைப் பாருங்கள்: ஹஷ்ர். இறுதித் தீர்ப்பு நாளின் அமளி என்று பொருள். பதினெட்டு வயதுப் பையனுக்கு அடக்கமான பெயர்தான்!

பம்பாயில் காவஸ்ஜி கட்டாவின் ஆல்ஃபிரட் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. மாதச் சம்பளம் 35 ரூபாய் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பதவியின் பெயர் முன்ஷி.

இந்த முன்ஷியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்ஷி என்றால் எழுத்தர், கணக்குப்பிள்ளை மாதிரி ஒரு சொல். நாடகக் கம்பெனியில் சமையல்காரர், தையற்காரர், திரை எழுதும் பெயிண்டர், ஆர்மோனியக்காரர் எல்லாரும் சம்பளத்துக்கு இருப்பதுபோல முன்ஷியும் சம்பளத்துக்கு இருப்பார். கம்பெனியோடு ஊர் ஊராகப் போவார். என்ன கதை வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முதலாளி சொல்வார்: போன மாதம் எதிர்க் கம்பெனியில் கூட்டம் அள்ளியது எது, நம்மிடம் புதிதாக வந்திருக்கும் பையன் என்ன பாடுவான், புதுச் செட்டில் கடல் இருக்கிறதே அதை எந்தக் காட்சியில் காட்டுவது. இதையெல்லாம் சேர்த்துக் கதையாக்கி, பாட்டு எழுதி, வசனம் எழுதி, ஒத்திகையில் உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பது முன்ஷியின் வேலை. எழுதிய பிரதி கம்பெனியின் சொத்து. அதை அச்சடிக்க முதலாளி விரும்பமாட்டார். அச்சில் வந்தால் அடுத்த கம்பெனிக்காரன் நாளைக்கே மேடையேற்றிவிடுவான். பார்வையாளர்களுக்கு விற்பது பாட்டும் கதைச் சுருக்கமும் மட்டும் போட்ட சின்னப் புத்தகம். ஆனாலும் திருட்டு நடந்தது. ஆட்களை அனுப்பிக் கேட்டு மனப்பாடம் செய்துவரச் சொல்வதும், கேட்டதை வைத்துத் தப்பும் தவறுமாக அச்சடிப்பதும் அப்போதே உண்டு. ஹஷ்ரின் நாடகங்களுக்கு இன்று ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பிரதிகள் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

நம் பக்கத்தில் இதற்கு நேரான ஆள் 'வாத்தியார்'. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினார், பாட்டமைத்தார், பையன்களை உட்காரவைத்துப் பாடம் சொன்னார். கம்பெனி கம்பெனியாகப் போய் வேலை பார்த்தார். அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஹஷ்ரைப் பற்றியும் இதே மாதிரிக் கதை: உலாத்திக்கொண்டே இரண்டு மூன்று எழுத்தர்களுக்கு வேறு வேறு நாடகங்களைச் சொல்லிக்கொண்டு போவாராம். உண்மையோ இல்லையோ, இரண்டு ஊரிலும் ஒரே கதை பிறப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேகம் அந்த வேலையின் நிபந்தனை. அடுத்த ஊர் போவதற்குள் புது நாடகம் தயாராக வேண்டும்.

சென்னையில் இன்னொரு விதமும் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். அவருக்கு நாடகம் சோறு போட வேண்டிய அவசியம் இல்லை. எழுதியதை அவரே அச்சிட்டு, உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். இன்று சம்பந்த முதலியாரின் 'மனோகரா' என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டுமானால் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம். ஹஷ்ர் விஷயத்தில் எந்தப் புத்தகம் என்று முதலில் சண்டை போட வேண்டும். சம்பளக்காரருக்கும் சபாக்காரருக்கும் உள்ள வித்தியாசம் அது.

சரி, அப்படி என்னதான் எழுதினார்? ஆல்ஃபிரட் கம்பெனிக்கு 1899இல் அவர் கொடுத்தது ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' கதை. உருதுப் பெயர் 'முரீத்-ஏ-ஷக்', சந்தேகத்துக்குச் சீடனானவன். பிறகு 'மெஷர் ஃபார் மெஷர்', 'கிங் லியர்', 'கிங் ஜான்' எல்லாம் உருதுச் சட்டை போட்டு வந்தன. மொழிபெயர்ப்பு என்று இவற்றைச் சொன்னால் ஷேக்ஸ்பியர், ஹஷ்ர் இருவருமே கோபித்துக்கொள்வார்கள். லியர் கதைக்கு அவர் வைத்த பெயர் 'சஃபேத் கூன்', வெள்ளை ரத்தம். ரத்தம் வெளுத்துவிட்டது என்றால், உருதில் பெற்ற பாசம் செத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மரபுத்தொடரிலேயே மூன்று மகள்கள் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். ஆனால் முடிவில் அரசனுக்கு அரியணை திரும்பக் கிடைத்துவிடுகிறது. நல்ல மகள் சாகவில்லை. நாலணா கொடுத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தவனை அழவைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது கம்பெனிக் கணக்கு. இடையிடையே மூலக் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு காமிக் கதை தனியாக ஓடும். திரை மாற்றி அடுத்த அரண்மனையை நிறுத்துவதற்கு நேரம் வேண்டுமே, அதற்காகத் திரைக்கு முன்னால் இவர்கள் வந்து சிரிப்பு மூட்டுவார்கள். நம்மூர் பபூன் செய்த வேலைதான். பிற்காலத்தில் தமிழ்ப் படங்களில் கதாநாயகன் பாதை ஒன்று, காமெடி டிராக் ஒன்று என்று தண்டவாளம் மாதிரி ஒட்டாமல் ஓடியதைக் கேலி செய்கிறவர்கள், இந்தத் திரை மாற்றும் நேரத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

அவருடைய வசனம்தான் உண்மையில் பேச வேண்டிய விஷயம். ஆரம்ப கால ஹஷ்ர் எழுதியது எதுகை வைத்த உரைநடை. ஒரு வாக்கியம் முடிகிற ஓசையிலேயே அடுத்ததும் முடியும். வாதம் சூடாகும்போது வாக்கியங்கள் சுருங்கிக்கொண்டே வந்து, உச்சத்தில் ஒரு ஈரடிக் கவிதை வெடிக்கும். காகிதத்தில் படித்தால் இன்று கொஞ்சம் அலுப்பாகவே இருக்கிறது. நான் இந்தி எழுத்தில் வந்த பதிப்பைத்தான் படித்தேன், பல பக்கங்களைத் தள்ளிவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அலுப்பு ஏன் வந்தது என்று எனக்கு விளக்கியவர் ஒரு இலக்கிய விமர்சகர் இல்லை. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் கோயில் கொடைக்கு நாடகம் போட்ட காலத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்து பிராம்ட் செய்த ஓர் அண்ணாச்சி. ஒரு பக்கத்தை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டி, "என்ன அண்ணாச்சி, சொன்னதையே மூணு தடவை சொல்லுதாரு?" என்று கேட்டேன்.

"கடைசி வரிசையில ஒருத்தன் கடலை வாங்கிட்டு இருப்பாம்லா தம்பி," என்றார். "முத தடவை அவன் காதுல விழாது. ரெண்டாவது தடவை திரும்பிப் பார்ப்பான். மூணாவதுலதான் கை தட்டுவான். மைக்கு கிடையாதுல்லா அப்போ."

இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படிக்கவில்லை. மைக் இல்லாத, ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருக்கிற கொட்டகை. நடிகனின் தொண்டைதான் ஒரே கருவி. எதுகை இருந்தால் பாதி வார்த்தை காற்றில் போனாலும் மீதியை ரசிகன் ஊகித்துக்கொள்வான். கை தட்டலுக்கு இடம் விட்டு எழுத வேண்டும். 'ஒன்ஸ்மோர்' கேட்டால் திரும்பச் செய்ய ஏதுவாக இருக்க வேண்டும்; செத்து விழுந்த பாத்திரம் எழுந்து பாடிவிட்டு மறுபடி சாவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இதில் இன்னொரு ஆதாயம் முன்ஷிக்கு. எந்த வரிக்குத் தட்டுகிறார்கள், எந்த வரியில் இருமுகிறார்கள் என்று தினமும் பக்கத்திரையில் நின்று கேட்கலாம். நேற்று இருமிய வரியை இன்று மதியம் வெட்டலாம்.

இப்படிக் கேட்டுக் கேட்டு ஹஷ்ரின் எழுத்து மாறியது. அலங்காரம் குறைந்தது. 1910களில் வந்த 'யஹூதி கி லட்கி' அந்த மாற்றத்தின் நடுவில் நிற்கிறது. ரோமாபுரி இளவரசன், யூத வியாபாரியின் வீட்டில் வளரும் பெண், மதகுருவின் கொடுமை. மூலம் மான்கிரீஃப் எழுதிய ஓர் இங்கிலீஷ் நாடகம். அதற்கும் மூலம் பிரெஞ்சில். உங்கள் ரத்தம் ரத்தம், எங்கள் ரத்தம் தண்ணீரா என்று யூதக் கிழவன் ஆள்கிறவர்களைப் பார்த்துக் கேட்கும் இடத்தில் கொட்டகை எழுந்து நிற்குமாம். வெள்ளைக்கார ஆட்சியில் இந்தக் கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்று கடலை வாங்குகிறவனுக்கும் தெரிந்திருக்கும். அப்புறம் கல்கத்தாவில் கூட்டத்தின் ருசி மாற, பில்வமங்கள், சீதை வனவாசம், பீஷ்மர் சபதம் என்று இந்தியில் புராண நாடகங்களும் எழுதினார். அரபு, பாரசீகச் சொற்களில் ஊறியவர் சுத்தமான இந்தியில் சீதையைப் புலம்ப வைத்தது முன்ஷித் தொழிலின் தேர்ச்சி.

முதலாளிகளின் கீழ் வேலை செய்தது போதும் என்று நடுவில் 'இந்தியன் ஷேக்ஸ்பியர்' என்று பெயர் வைத்துச் சொந்தக் கம்பெனியும் நடத்தினார். நிலைக்கவில்லை. கடைசியில் கல்கத்தாவில் மதன் கம்பெனி. ஜாம்ஷெட்ஜி மதன் நாடகக் கொட்டகைகளையும் ஊமைப்படக் கொட்டகைகளையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதியவர். நாடக முன்ஷியும் படக் கருவியும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தது அப்படி. ஆனால் ஊமைப்படத்துக்கு ஹஷ்ர் மாதிரி ஆள் எதற்கு? வாயசைவுக்கு நடுவே வரும் எழுத்துப் பலகையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

1931 மார்ச் 14. கிர்காவ் மெஜஸ்டிக் தியேட்டரில் இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா'. இந்த மும்பைக் காட்சி பலருக்கும் தெரிந்ததுதான்: கூட்டத்தை அடக்க போலீஸ் வந்தது, சில அணா டிக்கெட் பல ரூபாய்க்குப் போனது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதை எடுத்த அர்தேஷிர் இரானிக்குப் பேசும்படம் எடுக்கும் ஆசையைக் கிளப்பியது 'ஷோ போட்' என்ற அமெரிக்கப் படம். அதை அவர் பார்த்தது எக்ஸல்சியர் தியேட்டரில். கதைக்கு அவர் புதிதாக யாரையும் தேடவில்லை. ஜோசப் டேவிட் என்ற பார்ஸி மேடை எழுத்தாளரின் நாடகத்தை எடுத்துக்கொண்டார். பேச ஆரம்பித்த படம் யாருடைய வசனத்தைப் பேசும்? ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்களுடையதைத்தானே.

கென்னடி பிரிட்ஜ் பக்கத்தில் இருந்தது இரானியின் ஸ்டூடியோ. அருகிலேயே ரயில் பாதை. சத்தத்தைத் தடுக்கும் சுவர் கிடையாது. ஒலியும் ஒளியும் ஒரே பிலிமில் ஒன்றாகப் பதிகிற தானார் கருவி. பின்னால் ஒலியை மட்டும் திருத்த வழியில்லை. ஆகவே கடைசி ரயில் போன பிறகு, நள்ளிரவு தாண்டி, விடிகிற ரயில் வருவதற்குள் எடுத்தார்கள். மைக்கைக் கேமராவின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். அதே ஸ்டூடியோவில், அதே செட்டுகளில்தான் எச்.எம்.ரெட்டி இயக்கத்தில் டி.பி.ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' உருவாகி, 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. தமிழின் முதல் பேசும்படம். அதில் ராஜலட்சுமி தமிழில் பேச, எதிரே நின்றவர் தெலுங்கில் பேசினார். இன்று இரண்டு படமும் இல்லை, பிரதிகள் அழிந்துவிட்டன.

இந்த மொழிக் குழப்பத்தில்தான் முன்ஷிக்கு மறுவாழ்வு. சென்னையில் பேசும்பட ஸ்டூடியோ வர 1934 ஆனது. அதுவரை தமிழ்ப் படக் கோஷ்டிகள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறின. அதன் பிறகும் வந்தார்கள்: டி.கே.எஸ். சகோதரர்களின் 'மேனகா'வை 1935இல் ராஜா சாண்டோ எடுத்தது தாதர் பக்கத்து ரஞ்சித் ஸ்டூடியோவில். தமிழர்கள் வாழும் மாதுங்காவிலிருந்து நடந்தே போகிற தூரம். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் பலருக்குத் தமிழ் தெரியாது. இந்திப் பட உலகிலும் இதே நிலைதான். இயக்குகிறவர் வங்காளியாகவோ குஜராத்தியாகவோ பார்ஸியாகவோ இருப்பார், படம் மட்டும் இந்துஸ்தானியில் பேச வேண்டும். காட்சியை ஒருவர் அமைக்கலாம். பேச்சை அந்த மொழிக்காரர் ஒருவர் தனியாக எழுதித் தர வேண்டும். அமெரிக்கரான எல்லிஸ் டங்கன் தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கினார். 1937இன் 'அம்பிகாபதி'க்கு வசனம் எழுத இளங்கோவன் தேவைப்பட்டார். திரைக்கதை ஒரு கையிலும் வசனம் இன்னொரு கையிலுமாகப் பிரிந்தது நம் ரசனையில் வந்த விசேஷம் என்று பலர் எழுதுகிறார்கள். ரசனைக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் தொடக்கம் இந்த வேலைப் பிரிவினைதான் என்பது என் கட்சி.

ஹஷ்ரின் பட வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1931இலேயே மதன் கம்பெனி அவருடைய 'ஷீரீன் ஃபர்ஹாத்' நாடகத்தைப் படமாக்கியது. கஜ்ஜன், மாஸ்டர் நிசார் ஜோடி, 42 பாட்டுகள். மேடையை அப்படியே சுருட்டிப் பெட்டியில் அடைத்த மாதிரி. அந்தப் படத்துக்காக அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்காது. 1933இல் நியூ தியேட்டர்ஸ் 'யஹூதி கி லட்கி'யை எடுத்தது, பாடகர் சைகல் நடித்தார். அதில் சைகல் பாடியதில் இன்றும் நிற்பது உருதுக் கவிஞர் காலிப்பின் கஜல். மேடையில் ஆர்மோனியத்தை மீறிக் கத்திப் பாட வேண்டிய இடம். சைகல் மைக்கின் காதில் மெதுவாகச் சொல்கிறார். எனக்கு இந்த இடம் கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. கடைசி வரிசைக்காக முப்பது வருஷம் எழுதியவரின் கதையில், கடைசி வரிசையே இல்லாத ஒரு குரல் வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வருஷம் 'சண்டிதாஸ்'. வங்காளத்தில் தேவகி போஸ் ஏற்கெனவே எடுத்து ஓடிய படம். இந்தியில் நிதின் போஸ் இயக்கினார். ஹஷ்ர் எழுதியது வசனமும் பாட்டும் மட்டும். கதை அவருடையது இல்லை, காட்சி அமைப்பு அவருடையது இல்லை. முதலாளி கதையைக் கொடுக்க, முன்ஷி பேச்சைப் போடுகிறார். 35 ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கிய வேலை, அதே வடிவில், வேறு கட்டடத்தில். ஆனால் இங்கே அவர் எளிமையாக எழுதியிருக்கிறார். துணி வெளுக்கும் பெண்ணும் கோயில் பூசாரியும் பேசுகிற பேச்சு. காதல் நகரத்தில் வீடு கட்டுவோம் என்று வரும் பாட்டு ஒரு தலைமுறைக்கே வாய்ப்பாடாகிப்போனது. கத்த வேண்டியதில்லை என்று ஆனவுடன் எதுகையை இறக்கி வைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. மேடைக்காரர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது என்ற குற்றச்சாட்டுக்கு இந்த ஒரு படம் போதும்.

எதை இழந்தார்? பக்கத்திரையில் நின்று இருமலைக் கேட்கும் வசதியை. படத்தில் கை தட்டல் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது. இருமினாலும் வெட்ட முடியாது. நடிகனைப் பிடித்து நிறுத்தி உச்சரிப்பு சொல்லும் அதிகாரம் இயக்குநரிடம் போய்விட்டது. முன்ஷியாக இருந்தபோது சம்பளக்காரர்தான். ஆனால் ஒத்திகையில் அவர் சொல்வதுதான் சட்டம். ஸ்டூடியோவில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான். இது பொறுக்காமல்தான் லாகூரில் 'ஹஷ்ர் பிக்சர்ஸ்' தொடங்கினார் என்று நினைக்கிறேன். நாடகத்தில் ஒருமுறை சொந்தக் கம்பெனி வைத்துத் தோற்றவர், 55 வயதில் படத்திலும் அதையே செய்தார். பீஷ்மர் கதையை எடுத்துக்கொண்டிருந்தபோது, படம் முடிவதற்குள், 1935 ஏப்ரல் 28இல் லாகூரிலேயே இறந்தார். அமிர்தசரஸில் அவரைச் சந்தித்ததைப் பற்றி உருது எழுத்தாளர் மண்டோ எழுதிவைத்திருக்கிறார். அதில் வருகிற மனிதர் பளபளக்கும் உடுப்பும் கெட்ட வார்த்தையுமாக, மேடையிலிருந்து இறங்கவே இல்லாதவர்.

அவர் போன பிறகும் நாடகங்கள் படமாயின. மேடையிலிருந்து வந்த சோராப் மோடி, தான் தொடங்கிய படக் கம்பெனிக்கு 'ஸ்டேஜ் ஃபிலிம் கம்பெனி' என்றே பெயர் வைத்தார். ஹஷ்ரின் 'சைத்-ஏ-ஹவஸ்' 1936இல் அவர் கையால் வந்தது. 1958இல் பிமல் ராய் 'யஹூதி' எடுத்தார். திலீப் குமார், மீனா குமாரி. யூதக் கிழவனாக அதே சோராப் மோடி. இதற்கு நான்கு வருஷம் முன்னால்தான் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' கருணாநிதியின் வசனத்தோடு தமிழில் வந்திருந்தது. சங்கிலியைப் பிணைத்துக்கொண்டு சிவாஜி பேசியதைத் தமிழர்கள் மனப்பாடம் செய்தார்கள். மோடி பேசியதை வடக்கே செய்தார்கள். நாடகத்தை எழுதியவர் ஒருவர், படத்தின் பேச்சால் நினைவில் நிற்பவர் இன்னொருவர்.

'யஹூதி'யை நான் யூடியூபில் அண்ணாச்சியோடு உட்கார்ந்து பார்த்தேன். தெளிவில்லாத பிரதி. திலீப் குமார் வழக்கம்போல வாய்க்குள் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் அண்ணாச்சி போனை நோண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு உருது அவ்வளவாக ஓடாது. ரத்தம், தண்ணீர் என்று சோராப் மோடி குரலை எடுத்ததும் நிமிர்ந்தார். மோடி ஒரு வரி சொல்லி, நிறுத்தி, அடுத்த வரிக்கு ஏறுகிறார். ஸ்டூடியோவில் எதிரே தட்டுவதற்கு யாருமில்லை, ஆனாலும் அந்த இடைவெளி இருக்கிறது.

"இந்த ஆளு கொட்டகைக்காரன்டே," என்றார் அண்ணாச்சி. "தட்டுறதுக்கு நேரம் விடுதான் பாரு."